எட்மன்ரன்காரனுக்கு ஒரு கணக்கு

ஸ்காபரோ,
ஜூலை 2025

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் பிந்தியதற்குக் காரணம் சோம்பல் இல்லை, கொப்பி. நான் ஐஸ் ஹொக்கிக் கணக்கு எழுதி வைக்கிற அந்தத் தடித்த கொப்பியை, வீடு துப்புரவாக்கும்போது மகள் எங்கேயோ வைத்துவிட்டாள். கடைசியில் பேஸ்மென்றில் நத்தார் விளக்குப் பெட்டிக்குள் கிடந்தது. மட்டை பிய்ந்துவிட்டது. மூலையில் இருக்கும் குழம்புக் கறை மட்டும் அப்படியே இருக்கிறது. 2004 இல் கல்கரி இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் தோற்ற இரவு பட்ட கறை அது. குழம்புக் கோப்பையைத் தட்டிவிட்டவன் நீதான்.

இங்கே எல்லாம் வழமைபோலத்தான். முழங்கால் பரவாயில்லை, படி இறங்கும்போது மட்டும் வாய் திறக்கிறது. பேரனை ஹொக்கியில் சேர்த்ததிலிருந்து குளிர்காலச் சனிக்கிழமைகளில் விடிய ஆறு மணிக்கே நான் அரீனாவில். ஸ்கேற்றின் கயிற்றை இறுக்குவதற்கென்று ஒரு சின்னக் கொளுக்கி இருக்கிறது, தெரியுமா? அதைக் கொண்டு கீழ்க் கண்ணிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு மேலே வரவேண்டும். எனக்கு விரல் விறைத்துவிடும். அவன் காலை நீட்டிக்கொண்டு, "அம்மப்பா, இன்னும் இறுக்குங்கோ" என்பான். ஹொக்கிப் பையின் மணத்தைப் பற்றி எழுதவில்லை. அது இப்போதும் காருக்குள் இருக்கிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இரண்டு வருடம் தொடர்ந்து ஒரே அணியிடம் இறுதித் தொடரில் தோற்ற யாராவது மூன்றாம் வருடம் ஸ்ரான்லி கிண்ணத்தை, அதுதான் NHL லீக்கின் கிண்ணத்தை, வென்றிருக்கிறார்களா என்று கேட்டிருந்தாய். போன வருடமும் இந்த வருடமும் புளோரிடாவிடம் தோற்ற உன் எட்மன்ரன் ஒயிலர்ஸை நினைத்துத்தான் கேட்டிருப்பாய். ஜூன் 17 இரவு, புளோரிடாவின் றைன்ஹார்ட் தனியாளாக நான்கு கோல் போட்டு உங்களை 5-1 என்று அனுப்பிய கையோடு எழுதிய கடிதம் போலிருக்கிறது. எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இறுதித் தொடரில் ஒருவர் ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் போட்டது, 1957 இல் மொன்றியலின் மொறிஸ் றிஷார் போட்ட பிறகு இதுதான் முதல் தடவை. இது உனக்கு ஆறுதலாக இருக்காது. ஆனாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

உன் கேள்விக்குப் பதில்: ஓம், வென்றிருக்கிறார்கள். 1939 இலிருந்துதான் இறுதித் தொடர் ஏழு ஆட்டக் கணக்கில் நடக்கிறது, முதலில் நான்கு வெல்பவருக்குக் கிண்ணம். அதற்குப் பிறகு ஒரே எதிராளியிடம் அடுத்தடுத்து இரண்டு வருடம் தோற்ற கதை, எட்மன்ரனைச் சேர்க்காமல், ஏழு தடவை நடந்திருக்கிறது. டெற்றோயிற் ரொறன்ரோவிடம் 1948, 49. மொன்றியல் டெற்றோயிற்றிடம் 1954, 55. பொஸ்ரன் மொன்றியலிடம் 1957, 58. ரொறன்ரோ மொன்றியலிடம் 1959, 60. டெற்றோயிற் மறுபடியும் ரொறன்ரோவிடம் 1963, 64. சென்ற் லூயிஸ் மொன்றியலிடம் 1968, 69. பொஸ்ரன் மறுபடியும் மொன்றியலிடம் 1977, 78. இந்த ஏழில் அடுத்த வருடமே கிண்ணம் தூக்கியவை இரண்டு: 1950 இல் டெற்றோயிற், 1956 இல் மொன்றியல்.

ஏழில் இரண்டு. நீ இதைப் படித்தவுடன் துள்ளுவாய் என்று தெரியும். கொஞ்சம் பொறு.

1950 ஐ எடுத்துப் பார். அந்த வருடம் டெற்றோயிற் முதலில் அரையிறுதியில் பழைய எதிரி ரொறன்ரோவையே ஏழு ஆட்டத்தில் வென்றது. அந்தத் தொடரின் முதல் ஆட்டத்திலேயே டெற்றோயிற்றின் பெரிய ஆட்டக்காரன் கோர்டி ஹோவுக்குத் தலையில் பலத்த அடி, சத்திரசிகிச்சை வரை போனது. அவர் இல்லாமல்தான் மிச்சம் முழுக்க விளையாடினார்கள். இறுதியில் எதிராளி நியூயோர்க் றேஞ்சர்ஸ். பகிடி என்னவென்றால், றேஞ்சர்ஸுக்குச் சொந்த மைதானம் இல்லை. மடிசன் ஸ்குவேர் கார்டனில் சர்க்கஸ் நடந்துகொண்டிருந்தது. யானைக்கும் கோமாளிக்கும் இடம் விட்டுவிட்டு, தங்கள் 'வீட்டு' ஆட்டம் இரண்டையும் ரொறன்ரோவில் போய் விளையாடினார்கள். மற்ற ஐந்தும் டெற்றோயிற்றில். அப்படியிருந்தும் தொடர் ஏழாவது ஆட்டம் வரை இழுபட்டு, இரண்டாவது மேலதிக நேரத்தில் பீற் பபாண்டோ போட்ட கோலில்தான் முடிந்தது. 4-3. அன்று அந்த பக், அதுதான் அந்த ரப்பர் வட்டு, கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தால் ஏழில் ஒன்று என்று எழுதியிருப்பேன்.

1956 வேறு கதை. 1954 இலும் 55 இலும் மொன்றியல் டெற்றோயிற்றிடம் தோற்றது ஏழாவது ஆட்டத்தில். 54 இல் மேலதிக நேரத்தில் டெற்றோயிற்றின் லெஸ்விக் அடித்த பக், மொன்றியலின் சொந்த ஆளான டக் ஹார்வியின் கையுறையில் பட்டு உள்ளே போனது. தோற்றவர்கள் கை கொடுக்காமலே இறங்கிப் போனார்கள். 55 இல் றிஷார் கிடையாது. லீக் தலைவர் கம்பெல் அவரை அந்த சீசன் முடியும்வரை தடை செய்திருந்தார், அதற்காக மார்ச் 17 அன்று மொன்றியல் தெருவில் கலவரமே நடந்தது. ஆக, பலமான அணி ஒன்று ஒருமுறை ஒரு கையுறையாலும், ஒருமுறை தன் பெரிய ஆட்டக்காரன் இல்லாமலும் தோற்றது. அடுத்த வருடம் றிஷார் திரும்பி வந்தார், டோ பிளேக் பயிற்றுநரானார், 1956 இலிருந்து 60 வரை ஐந்து கிண்ணம் தொடர்ச்சியாக. உனக்கு ஒரு முன்னுதாரணம் வேண்டுமென்றால் இதைப் பிடித்துக்கொள். ஆனால் ஒயிலர்ஸ் இந்த வருடம் தோற்றது கையுறையால் இல்லை. ஆறு ஆட்டத்தில் இரண்டை வென்றார்கள், இரண்டும் மேலதிக நேரத்தில். நான்காவது ஆட்டத்தில் 0-3 இலிருந்து வந்து 5-4 என்று வென்றதைப் பார்த்து நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன் என்பது உண்மை. ஆனாலும் தோற்ற நான்கில் மூன்று 6-1, 5-2, 5-1. அதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்ல ஏலாது.

இன்னொன்று. அந்த ஏழில் முதல் ஐந்தும் லீக்கில் ஆறே ஆறு அணிகள் இருந்த காலத்தில் நடந்தவை. ஆறு பேர் ஓடுகிற ஓட்டத்தில் சும்மா கண்ணை மூடிக்கொண்டு ஒருவனைத் தொட்டாலே ஆறில் ஒரு வாய்ப்பு. ஐந்தில் இரண்டு என்பது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்தான், ஆனால் பார்த்தது ஐந்தே ஐந்து தடவை. இன்றைக்கு முப்பத்திரண்டு அணிகள். லீக் பெருத்த பிறகு நடந்தவை இரண்டே இரண்டு, இரண்டும் அழுகைக் கதை.

சென்ற் லூயிஸ் பாவம். 1967 இல் புதிதாகச் சேர்த்த ஆறு அணிகளையும் ஒரே பிரிவில் போட்டார்கள், அதனால் அவற்றில் ஒன்று இறுதிக்கு வந்தே ஆகவேண்டும். வந்தது சென்ற் லூயிஸ், மூன்று வருடமும். மூன்று வருடமும் தொடரில் 4-0 என்று தோல்வி. மூன்றாவதில் மட்டும் எதிராளி மொன்றியல் இல்லை, பொஸ்ரன். பன்னிரண்டு இறுதி ஆட்டத்தில் ஒன்றுகூட வெல்லவில்லை.

பொஸ்ரன் 1979 தான் எனக்கு நெஞ்சு வலிக்கிற கதை. மூன்றாம் வருடம் அரையிறுதியிலேயே மொன்றியலைச் சந்தித்தார்கள். ஏழாவது ஆட்டம், முடிய இரண்டரை நிமிடம்தான் இருக்கிறது, பொஸ்ரன் ஒரு கோல் முன்னுக்கு நிற்கிறது. அப்போது பனித்தளத்தில் ஓர் ஆள் கூட நிற்கிறான் என்று தண்டம். ஒரு ஆள் கூட! எங்கள் வகுப்பில் தலை எண்ணத் தெரியாத மொனிற்றர் ஒருவன் இருந்தானே, எனக்கு அவன் ஞாபகம்தான் வரும். அந்தத் தண்டத்தால் பொஸ்ரன் ஓர் ஆள் குறைய ஆடும்போது மொன்றியலின் கீ லஃபிளர் சமன் செய்தார், மேலதிக நேரத்தில் இவொன் லம்பேர் முடித்துவைத்தார். பொஸ்ரன் பயிற்றுநர் டொன் செரி, பிறகு தொலைக்காட்சியில் சத்தம் போட்டே பேர் எடுத்தவர்.

இதையெல்லாம் எழுதும்போது போன வருடம் நீயும் நானும் போனில் பட்ட சண்டை நினைவுக்கு வந்தது. ஒயிலர்ஸ் இறுதித் தொடரின் முதல் மூன்று ஆட்டமும் தோற்று 0-3 என்று கிடக்கிறது. இங்கே இரவு பன்னிரண்டு, அங்கே பத்து. நீ எடுத்து, "1942" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றாய். ஓம், 1942 இல் ரொறன்ரோ 0-3 இலிருந்து வந்து டெற்றோயிற்றை வென்றது. இறுதித் தொடரில் அப்படி நடந்தது அந்த ஒரே தடவை. ஆனால் அன்று நான் சொன்னதையே இன்றும் சொல்கிறேன். அந்த சீசனில் ரொறன்ரோ 27 வென்று இரண்டாம் இடம். டெற்றோயிற் 19 வென்று 25 தோற்ற அணி. பின்தங்கிக் கிடந்தது பலமான பக்கம். பக்கை மூலைக்குள் எறிந்துவிட்டுத் துரத்துகிற டெற்றோயிற்றின் ஆட்டத்துக்கு ரொறன்ரோ மூன்று ஆட்டமாக வழி தெரியாமல் நின்றது. பயிற்றுநர் ஹாப் டே தன் பேர்போன ஆட்டக்காரர் இருவரை, கோர்டி டிறிலனையும் பக்கோ மக்டொனால்டையும், உட்காரவைத்துவிட்டு அவ்வளவு ஆடாத டொன் மெற்ஸை இறக்கினார். பதினாலு வயதுப் பெட்டை ஒருத்தி எழுதிய கடிதத்தை அணிக்கு வாசித்துக் காட்டினார் என்றும் சொல்வார்கள். நான்காவது ஆட்டம் 4-3. அது முடிந்ததும் டெற்றோயிற் பயிற்றுநர் ஜாக் அடம்ஸ் பனித்தளத்தில் இறங்கி நடுவரை அடித்து, தடையும் வாங்கினார். பிறகு 9-3, 3-0, கடைசியில் ஏப்ரல் 18 அன்று 3-1. அந்த 9-3 இல் மெற்ஸ் மூன்று கோல். என்னைக் கேட்டால் அந்தத் தொடரைத் திருப்பியது பெட்டையின் கடிதம் இல்லை, டிறிலனை உட்கார வைத்த துணிவுதான்.

அந்தக் கணக்கையும் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு அணியும் சமம், ஒவ்வோர் ஆட்டமும் நாணயம் சுண்டுவது போல என்றால், 0-3 இலிருந்து நான்கு தொடர்ந்து வெல்வது பதினாறில் ஒன்று, நூற்றுக்கு ஆறு சொச்சம். ஆனால் லீக்கின் எல்லாத் தொடர்களையும் சேர்த்துப் பார்த்தால் இருநூறுக்கும் மேற்பட்ட அணிகள் அப்படிக் கிடந்திருக்கின்றன, எழும்பியது நான்கு: 1942 ரொறன்ரோ, 1975 ஐலண்டர்ஸ், 2010 பிலடெல்பியா, 2014 லொஸ் ஏஞ்சல்ஸ். நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஏன் இவ்வளவு குறைவு? 0-3 என்று கிடக்கிறவன் பெரும்பாலும் உண்மையிலேயே பலம் குறைந்தவன். ஓர் ஆட்டம் வெல்ல அவனுக்கு நூற்றுக்கு முப்பத்தைந்து வாய்ப்பு என்று வைத்து நான்கு தரம் பெருக்கிப் பார், ஒன்றரை வரும். கிட்டத்தட்ட சரியாக இருக்கிறதா?

இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த கணக்கு. 0-3 இலிருந்து ஏழாவது ஆட்டம் வரை கொண்டுவந்தவர்கள் பத்துப் பேர். அதில் வென்றது அதே நான்கு. பத்தில் நான்கு என்றால் நாணயம்தான். மூன்று ஆட்டம் தொடர்ந்து வென்ற வேகம், எதிராளிக்கு நடுக்கம் பிடித்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொல்வார்களே, அதெல்லாம் ஏழாவது நாள் எங்கே போகிறதோ தெரியாது. 1975 இல் ஐலண்டர்ஸ் பிற்ஸ்பேர்க்கிடம் 0-3 இலிருந்து வென்றுவிட்டு, அடுத்த தொடரில் பிலடெல்பியாவிடம் மறுபடியும் 0-3, மறுபடியும் 3-3, ஏழாவதில் 4-1 என்று தோற்றார்கள். உன் ஒயிலர்ஸும் 8-1, 5-3, 5-1 என்று மூன்றைக் குவித்துவிட்டு ஜூன் 24 இல் 2-1 என்று தோற்றது. நான்காவது ஐந்தாவது ஆட்டங்களில் கோலும் கோலுக்கு உதவியதுமாக மொத்தம் எட்டுப் புள்ளி எடுத்த உங்கள் தலைவர் மக்டேவிட், ஆறாவதிலும் ஏழாவதிலும் ஒன்றும் எடுக்கவில்லை. தோற்ற பக்கத்தில் இருந்தும், அந்த வருடக் கிண்ணச் சுற்றுகள் முழுவதிலும் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அவருக்குத்தான். அதை வாங்க அவர் வெளியே வரவில்லை. நான் என்றாலும் வந்திருக்க மாட்டேன்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இன்னும் ஒரு பட்டியல் இருக்கிறது. இறுதித் தொடரில் இதுவரை பதினெட்டு ஏழாவது ஆட்டங்கள், சொந்த மைதானத்தில் ஆடியவர் வென்றது பதின்மூன்று. 1993 இல் மொன்றியல் வென்ற பிறகு கனடா அணி ஒன்றும் கிண்ணம் தூக்கவில்லை என்று எல்லாரும் ஒப்பாரி வைக்கிறோமே, அதற்குள் ஐந்து முறை ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றிருக்கிறோம். ஐந்தில் நான்கு அடுத்தவன் வீட்டில். வன்கூவர் 2011 மட்டும்தான் சொந்த வீட்டில், அதற்கு நகரத்தையே அடித்து நொறுக்கினார்கள். இதை ஒயிலர்ஸ் யாரிடமாவது சொல்லு: சீசனில் இன்னும் நாலைந்து ஆட்டம் கூட வென்று சொந்த மைதான உரிமையை எடுங்கோ என்று. இந்த வருடம் அந்த உரிமை உங்களுக்கு இருந்ததே என்று நீ திருப்பிக் கேட்பாய். இருந்தது. ஏழாவது ஆட்டம் வந்தால்தானே அதனால் பிரயோசனம்!

என்னைப் பார்த்துச் சிரிக்காதே. எங்கள் ரொறன்ரோ லீஃப்ஸ் இந்த முறை அதே புளோரிடாவைத் தொடரில் 2-0 என்று பிடித்து வைத்துக்கொண்டு விட்டுவிட்டது. ஏழாவது ஆட்டம் எங்கள் மைதானத்தில், 6-1. 2013 இலிருந்து ஏழாவது ஆட்டம் ஏழு ஆடியிருக்கிறோம், ஏழும் தோல்வி. பேரன் அன்று இரண்டாம் பகுதி முடிய முன்னமே நித்திரை. எழுப்பவில்லை.

ஆவணியில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பயணச்சீட்டைக் கெதியாகப் போடு, பிந்தினால் விலை ஏறிவிடும். வரும்போது குளிர்ச் சட்டை தேவையில்லை, இங்கே இப்போது வேர்த்து ஊத்துகிறது. முற்றத்துக் கறிவேப்பிலைச் சாடி இந்த முறை திறமாக வந்திருக்கிறது, ஒரு கன்று உனக்கென்று பிரித்து வைத்திருக்கிறேன். விமானத்தில் விடுவார்களா என்று கேட்டுவை.

அன்புடன்,
உன் பழைய வாங்குக்காரன்