வேட்டி கட்டிய டிரெய்லர்

ஷோ லோ, அரிசோனா
ஜூலை 9

அன்புள்ள சுப்பையாவுக்கு,

உன் கடிதம் மே மாதமே வந்துவிட்டது. பதில் எழுத இரண்டு மாதம் ஆனதற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. "சின்னவன் டெம்போ டிராவலரை வாங்கி வீடாக மாற்றப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், நம்ம ஊர் வெயிலுக்கு அதற்குள்ளே மனுஷன் இருக்க முடியுமா?" என்று கேட்டிருந்தாய். அப்போதே எழுதியிருந்தால், ஒரு ஏசியைப் போட்டுவிட்டால் முடிந்தது என்று எழுதியிருப்பேன். ஜூன் மாதம் பதினோரு நாள் வெந்து எழுந்த பிறகு எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு வருஷமும் மே கடைசியில் நானும் கோமதியும் எங்கள் டிரெய்லரை, டிரக்கின் பின்னால் மாட்டுகிற சக்கர வீட்டை, இழுத்துக்கொண்டு மலைக்கு ஏறிவிடுவோம். இந்த முறை பேரன் பள்ளி நிகழ்ச்சி, அது இது என்று தள்ளிப்போய், ஜூன் பாதியில் கிளம்பினோம். பீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவில் காசா கிராண்டே என்று ஒரு ஊர். அங்கே வரும்போது டிரக்கின் கியர்பெட்டி போய்விட்டது. பட்டறையில் மூன்று நாளில் பாகம் வரும் என்றார்கள். மூன்று, பதினொன்று ஆனது. டிரெய்லரை ஒரு ஆர்.வி. பார்க்கில், இந்த மாதிரி வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்குகிற இடத்தில், கொண்டுபோய் நிறுத்தினார்கள். கனடாவிலிருந்தும் வடக்கு மாநிலங்களிலிருந்தும் குளிருக்குத் தப்பி இங்கே வந்து தங்குகிறவர்களைப் 'பனிப்பறவைகள்' என்பார்கள். அந்தப் பறவைகள் எல்லாம் ஏப்ரலிலேயே போயாச்சு. இருநூறு இடம் உள்ள பார்க்கில் ஒன்பது வண்டி நின்றது. 2023-ல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேலே அடித்ததே, அந்தச் சீமைதான் இது. எங்களுக்கு 46.

கூரை ஏசி 13,500 பி.டி.யு. உன் கணக்கில் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. உன் வீட்டு மாடி அறை அளவுகூட இல்லாத இடத்துக்கு அது தாராளம் என்றுதானே தோன்றும்? மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே 35 டிகிரி. பனங்கிழங்கு அவிக்கிற பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சுவர் மொத்தமே இரண்டு அங்குலம், லே. மெல்லிய தகடு, நடுவில் பஞ்சுப் பலகை, உள்ளே ஒட்டுப்பலகை. கையை வைத்துத் தடவினால் அலுமினியச் சட்டம் எங்கெங்கே ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அந்தக் கோட்டில் மட்டும் சூடு கூடுதல்.

இனி வருவது மின்வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டிய உனக்குப் பிடிக்கும். இங்கே மின்சாரம் 120 வோல்ட். எங்கள் மாதிரி வண்டிக்குப் பார்க்கில் கொடுப்பது 30 ஆம்ப் இணைப்பு, ஆக 3,600 வாட். ஏசி ஓடும்போது மைக்ரோவேவையும் தண்ணீர் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். அது பரவாயில்லை, பழகிவிட்டது. ஆனால் நாங்கள் நின்றது கடைசிக் கம்பம், பழைய வயரிங். சாயங்காலம் நாலு மணிக்கு மீட்டர் 103 காட்டியது. நான் மாட்டியிருக்கும் காப்புப் பெட்டி 104-க்குக் கீழே போனால் இணைப்பைத் துண்டித்துவிடும். வோல்டேஜ் இறங்கினால் கம்ப்ரசர் கூடுதலாகக் கரண்ட் இழுத்துச் சூடேறிக் கருகும் என்று எனக்குப் பாடம் எடுத்தவனே நீதான், அதனால் பெட்டியைக் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் 46 டிகிரியில் ஏசி சட்டென்று நின்றுபோகும் அந்த அமைதி இருக்கிறதே! சாயங்காலம் டியூப்லைட் மினுக்கினால் அம்பாசமுத்திரமே உன்னை வைததன் நியாயம் அன்றைக்குப் புரிந்தது.

பக்கத்து வண்டியில் ஒரு கிழவர். எண்பதைத் தொடப்போகிறவர், கப்பல்படையில் இருந்தவர், வெயிலிலும் முழுக்கைச் சட்டை. இரண்டாம் நாள் காலை ஐந்தரைக்கு வந்து, எதுவும் கேட்காமல் டிரெய்லரைத் தன் டிரக்கில் மாட்டி, டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் இருந்த வேறு இடத்துக்கு இழுத்துப் போனார். பார்க் அலுவலகத்தில் அவரே பேசியாகிவிட்டதாம். வோல்டேஜ் 114-க்கு ஏறியது. அதைவிடப் பெரிய உபகாரம், வண்டியைத் திருப்பி நிறுத்தியது. அதுவரை எங்கள் பெரிய ஜன்னல் மேற்கே பார்த்து நின்றது. அவர் வண்டியின் மூக்கை மேற்கே திருப்பினார். குறுகலான முகப்பு மட்டும் சாயங்கால வெயிலை வாங்கியது. வண்டியின் பக்கவாட்டில் நிழலுக்கு விரிக்கிற பந்தல் துணி வடக்கே விழுந்தது.

அப்புறம் உள்ளே வந்தார். ஏசியின் காற்று வரும் துளையில் ஒரு உள்ளங்கை, காற்றை இழுக்கும் சல்லடையில் ஒரு உள்ளங்கை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார், நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி. பிறகு ஸ்குரூ டிரைவர் கேட்டார்.

கூரையில் 14 அங்குலச் சதுரத்துக்கு ஒரு ஓட்டை போட்டு அதன்மேல்தான் ஏசியை உட்கார வைக்கிறார்கள். அந்த ஒரே ஓட்டைக்குள் ஒரு தடுப்பு. ஒரு பக்கம் குளிர்ந்த காற்று இறங்க வேண்டும், மறுபக்கம் அறைக் காற்று மேலே போக வேண்டும். மூடியைக் கழற்றிப் பார்த்தால், தடுப்புக்கும் கூரைப் பலகைக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. ஓரத்தில் தொழிற்சாலையில் அறுத்த மரத்தூள்கூட அப்படியே கிடந்தது. குளிர்ந்த காற்றில் ஒரு பங்கு அறைக்குள் வராமலேயே திரும்ப ஏசிக்குள் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு பங்கு கூரைப் பலகைக்கு மேலே உள்ள பொந்துக்குள். கிணற்றில் இறைத்துக் கிணற்றிலேயே ஊற்றின கதை. நாலு வருஷம் அப்படித்தான் ஓடியிருக்கிறது, நானும் ஏசி சின்னது என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அலுமினியத் தாள் டேப் ஒரு சுருள். துணியால் தூசியைத் துடைத்து, சந்து சந்தாக ஒட்டி, நகத்தால் அழுத்தி நீவிவிட்டார். சல்லடைப் பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தோம். அன்று மத்தியானம் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். உள்ளே போகிற காற்றுக்கும் வெளியே வருகிற காற்றுக்கும் முன்பு 7 டிகிரி வித்தியாசம் இருந்தது, இப்போது 11. இந்த மாதிரி ஏசிகளிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை.

மிச்ச வேலைகளை நாங்களே செய்தோம். கூரையில் உள்ள காற்றுத் துளைகளுக்குச் சதுர மெத்தை ஒன்று விற்கிறார்கள், அதை அடைத்தோம். குளியலறைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் வெளிச்சக் கூண்டு, அதிலிருந்துதான் பாதிச் சூடு என்று கோமதி நாலு வருஷமாகச் சொல்லிவந்தாள். அவள் சொன்னது சரி. ஜன்னல்களுக்கு வெள்ளித்தாள் ஒட்டிய குமிழ்ப் பிளாஸ்டிக்கை வெட்டி உள்ளே சொருகினோம். ஆனால் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட சூட்டில் ஒரு பங்கு கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவிலேயே தங்கிவிடுகிறது. வெயிலை வெளியிலேயே நிறுத்தவேண்டும். துணிக்கு எங்கே போவது? என் எட்டு முழ வேட்டி நாலு இருந்தது. கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி கயிறு கட்டித் தொங்கவிட்டேன். நனைத்தும் விட்டேன். ஜூன் மாதம் இங்கே காற்றில் ஈரமே கிடையாது, பத்து நிமிஷத்தில் முறுகலாகக் காய்ந்துவிடும், ஆனால் அந்தப் பத்து நிமிஷம் ஜன்னலோரம் உன் தாத்தா வீட்டு வெட்டிவேர்த் தட்டிதான். கிழவர் வந்து பார்த்துவிட்டு, சரணடைவதாகக் கொடி காட்டுகிறாயா என்று கேட்டார்.

சமையல் காலை ஆறு மணிக்குள், பந்தலுக்கு அடியில். குக்கர் விசிலுக்கு முதல் நாள் இரண்டு பேர் வெளியே ஓடிவந்து பார்த்தார்கள். மாவு நாலு மணி நேரத்தில் பொங்கி வழிந்தது. தயிர் கதை தனி. எங்கள் ஃபிரிட்ஜ் கேஸிலும் ஓடுகிற பழைய வகை, கம்ப்ரசர் கிடையாது, அம்மோனியா. பின்பக்கத்துச் சூடு வெளியே போனால்தான் உள்ளே குளிரும். உள்ளே 12 டிகிரி ஆகி, உறையூற்றிய தயிர் சாயங்காலத்துக்குள் புளித்துவிட்டது. கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன மின்விசிறி ஒன்றைப் பின்துளையில் கட்டிவிட்ட பிறகு 6-க்கு இறங்கியது.

ஒரு நாள் விடியற்காலை கிழவர் எங்களை கூலிட்ஜ் என்ற ஊருக்குக் கூட்டிப் போனார். அந்த வட்டாரத்துக்குக் காசா கிராண்டே என்று பெயர் கொடுத்த 'பெரிய வீடு' (ஸ்பானிய மொழியில் அதுதான் அர்த்தம்) அங்கேதான் இருக்கிறது. 1350 வாக்கில் இந்தப் பாலைவனத்து மக்கள் சுண்ணாம்பு கலந்த மண்ணால் கட்டியது. அடிச்சுவர் நாலு அடி கனம். இப்போது அதற்கு மேலே 1932-ல் போட்ட ஒரு இரும்புக் கூரை குடை பிடிக்கிறது. உள்ளே விடமாட்டார்கள், கம்பிக்கு வெளியே நின்று பார்த்தோம். எனக்கு உங்கள் வீட்டுப் பட்டாசாலை ஞாபகம் வந்தது, மதினி மத்தியானம் வெறுந்தரையில் படுத்துக் கிடப்பார்களே. நாலு அடிச் சுவர் பகல் சூட்டை உள்ளே விடுவதற்குள் ராத்திரி வந்துவிடும். என் இரண்டு அங்குலச் சுவருக்கு அந்தப் பொறுமை ஏது?

டிரக் வந்ததும் மறுநாளே கிளம்பினோம். குளோப் ஊரைத் தாண்டி சால்ட் ரிவர் பள்ளத்தாக்கில் சாலை ஆறுவரை இறங்கி மறுபடி ஏறும். புதுக் கியர்பெட்டி, பின்னால் டிரெய்லர் பாரம். எஞ்சின் சூடேறாமலிருக்க டிரக் ஏசியை அணைத்து, ஜன்னலைத் திறந்து, எஞ்சின் சூட்டை உள்ளே இழுத்துக்கொள்ளட்டும் என்று ஹீட்டரைப் போட்டேன். கோமதி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் 46 டிகிரியைவிடச் சூடு. ஷோ லோ சுமார் 1,900 மீட்டர் உயரம். சீட்டாட்டத்தில் சின்னச் சீட்டைக் காட்டி ஜெயித்தவன் பண்ணையை எடுத்துக்கொண்டதால் இந்தப் பெயர் என்று கதை, பிரதான சாலைக்கே அந்தச் சீட்டின் பெயர்தான். பகலில் 31, ராத்திரி கம்பளி.

சரி, உன் மகன் விஷயம். இங்கே உள்ளவர்கள் சொல்வதை அப்படியே அங்கே செய்ய வேண்டாம் என்று சொல். பந்தலை வடக்கே வை, தெற்கு வெயில்தான் எதிரி என்பார்கள். நம்ம ஊரில் சித்திரை பிறக்கும்போது சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, ஆனி மாதம் உச்சி தாண்டி வடக்கே நிற்கும். அதனால் அவனுக்கு முதல் எதிரி கூரை. பணத்தை அங்கே போடட்டும். இரண்டு அங்குலம் குறையாமல் ஃபோம், இரும்புச் சட்டத்தின் மேலும் இடைவெளி விடாமல் மூடி, வெளியே வெள்ளைப் பெயிண்ட். அவன் ஆசைப்படுகிற கறுப்பு வண்டி வேண்டவே வேண்டாம். டிராவலருக்கு வாசல் இடது பக்கம், முகப்பை வடக்கே பார்த்து நிறுத்தினால் பந்தல் மேற்கே விழும், சாயங்காலம் தப்பிக்கலாம். காற்று எழுந்தால் பந்தலைச் சுருட்டிவிட வேண்டும், நான் ஒன்றை முறித்திருக்கிறேன். தண்ணீரை ஆவியாக்கும் கூலர் தென்காசிப் பக்கம் சாரல் இல்லாத மாதத்தில் உதவும், தூத்துக்குடியில் நிறுத்தினால் உள்ளே காளான் முளைக்கும். பேட்டரியில் ராத்திரி முழுக்க ஏசி ஓட்டலாம் என்று யாராவது விற்க வந்தால், எத்தனை யூனிட் பேட்டரி என்று நீ கேள், உன்னை ஏமாற்ற முடியாது. ஏசி மாட்டுகிற அன்று நீயே பக்கத்தில் நின்று மூடி போடுவதற்கு முன்னால் உள்ளே எட்டிப் பார்.

அலுமினிய டேப் இரண்டு சுருள் ஆகஸ்டில் ஊருக்கு வருகிற மருமகனிடம் கொடுத்து அனுப்புகிறேன். கூரை வேலை நடக்கும்போது போட்டோ எடுத்து அனுப்பு. மதினிக்குக் கோமதியின் அன்பு. இங்கே மழைக்காலம் நேற்றுத்தான் தொடங்கியது, தகரக் கூரையில் சத்தம் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

உன்
வேலாயுதம்

பி.கு.: வேட்டி நாலும் பழுப்பேறிவிட்டன. டேப்புக்குப் பதிலாக மருமகன் கையில் இரண்டு வேட்டி கொடுத்தனுப்பு. கட்டுவதற்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று.