உன் மகன் கல்யாணத்துக்கு முன் ஒரு கடிதம்

கும்பகோணம்

அன்புள்ள தோழிக்கு,

தையில் மகனுக்குக் கல்யாணம் என்று படித்ததும் கடிதத்தைப் பாதியிலேயே வைத்துவிட்டு, எழுந்து போய் இவரிடம் சொல்லிவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

போட்டோகிராபர் பேசியாச்சு, வருகிறவர்கள் எடுக்கிற படங்களை நீ எப்படிச் சேர்த்தாய் என்று கேட்டிருந்தாய். மூத்தவன் கல்யாணத்தில் அதில்தான் கோட்டைவிட்டேன். "எல்லாரும் எடுத்ததை அனுப்புங்கள்" என்று பொதுவாகச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தது. பெரிதாக பிரிண்ட் போடக் கொடுத்தபோதுதான் முகமெல்லாம் மெழுகு பூசினாற்போல இருப்பது தெரிந்தது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். எடுத்த நேரமும் அதில் தங்காது. எது முதல் நாள், எது முகூர்த்தம் என்று பிரிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

ஆவணியில் மகள் கல்யாணத்துக்கு வேறு மாதிரி செய்தேன். கூகுள் போட்டோஸில் பொதுவாக ஒரு ஆல்பம் தொடங்கி, அதற்கான க்யூஆர் கோடை அட்டையில் அச்சடித்து, பன்னீர், சந்தனம் வைக்கிற மேசையில் நிறுத்தினோம். தாம்பூலப் பையிலும் ஒன்று. வெறும் அட்டையைப் பார்த்து யாரும் செய்யமாட்டார்கள். அதனால் மாப்பிள்ளை அழைப்பு அன்றே தங்கை மகள் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து ஒரு படத்தை ஏற்ற வைத்தாள். ஒருமுறை செய்து பார்த்தவர்கள் மறுநாள் தாங்களே செய்தார்கள். அது வராத பெரியவர்களிடம், வாட்ஸ்அப்பிலேயே டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னோம். அப்படி அனுப்பினால் படம் சுருங்காது. ஒரு வாரம் கழித்து அந்த ஆல்பத்தின் லிங்கை மூடிவிட்டேன். வீட்டுப் பெண்கள் உடுத்திக்கொள்ளும் அறைப் பக்கம் போன் போகக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். நீயும் சொல்லிவிடு.

இதெல்லாம் சேர்க்கிற வழிதான். முக்கியமானது, யார் எதை எடுப்பது என்று ஆள் பார்த்து ஒப்படைப்பது. அக்கா பேரனுக்கு 12 வயது. "நீ கைகளை மட்டும் எடு, முகமே வேண்டாம்" என்றேன். இரண்டு நாளும் அலைந்து எடுத்தான். சந்தனம் கரைக்கிற கை, வாசலில் மாவிலை கட்டுகிற கை, மொய் நோட்டில் ஓடுகிற பேனா, இலையில் தண்ணீர் தெளிக்கிற பாட்டியின் விரல்கள். விரலில் கூடு மாட்டிய தவில்காரரின் கை ஒரு கணம் மேலே நிற்கிறது. கெட்டிமேளத்துக்கு ஐயரின் சைகைக்காகக் காத்திருக்கிறார். அந்தப் படத்தைத்தான் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். மேடையில் நின்ற போட்டோகிராபருக்கு அது கிடைத்திருக்காது. அவர் கண் பெண் மாப்பிள்ளை மேல்தானே இருக்க வேண்டும்!

தம்பியைப் பந்திக்கு நிறுத்தினேன். சாப்பிடுகிறவர்களை எடுக்காதே, பரிமாறுகிறவர்களை எடு என்றேன். இன்னொரு பெண்ணிடம், எடுத்ததுமே படத்தை அச்சடித்துத் தருகிற ஒரு இன்ஸ்டாக்ஸ் கேமராவும் கெட்டி அட்டை நோட்டும் கொடுத்தோம். அந்த பிலிம் ஒரு பெட்டிக்கு 10 தான், அதனால் குடும்பத்துக்கு ஒன்று. படம் வெளியே வந்ததும் நோட்டில் ஒட்டி, பக்கத்தில் அவர்கள் கைப்பட நாலு வரி வாழ்த்து. மண்டபத்துக்குள் வெளிச்சம் போதவில்லை, ஜன்னல் ஓரமாக மேசை போட்டபிறகுதான் நன்றாக வந்தது. அப்புறம், எல்லாரிடமும் போன் லென்ஸைத் துடைத்துவிட்டு எடுக்கச் சொல். எண்ணெய்க் கையும் விபூதிக் கையும் பட்டு, பாதிப் படம் மங்கலாக வரும்.

முகூர்த்தத்துக்கு மட்டும் போன் வேண்டாம் என்று முடிவு செய்தேன். மாமா மைக்கில் சொன்னார்: "அட்சதை போட இரண்டு கையும் வேண்டும், போனைப் பைக்குள் வையுங்கள்." மாப்பிள்ளை வீட்டில் ஓரிருவருக்கு வருத்தம்தான். ஆனால் மாடியிலிருந்து ஒரே ஒருவரை எடுக்க வைத்திருந்தோம். அந்தப் படத்தில் மண்டபம் முழுக்க முகங்கள் நிமிர்ந்து பார்க்கின்றன, காற்றில் மஞ்சள் அரிசி. பார்த்தபிறகு அவர்களே பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இந்த ஒன்றை மட்டும் யார் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்காதே.

இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் உனக்குத் தெரிந்திருக்கும். 1989இல் என் கல்யாணத்துக்கு ஒரே போட்டோகிராபர், 36 படம் வருகிற ரோல் மூன்று. ஆல்பம் முழுக்கப் புரட்டிப் பார், அம்மா இல்லை. சமையல் சாமான் வைக்கிற உக்கிராண அறையில் வெல்லமும் தேங்காயும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்துவிட்டாள். தாலி கட்டும்போது ஓடி வந்தாள், ஓரத்தில் அவள் புடவைத் தலைப்பு மட்டும் விழுந்திருக்கிறது. அந்த அரக்கு நிறத்தை வைத்துத்தான் அவள் என்று சொல்லிக்கொள்கிறேன். அதனால் மகள் கல்யாணத்தில் உக்கிராண அறைக்கென்றே ஒருவரை வைத்தேன். சாவிக்கொத்தை இடுப்பில் செருகியபடி அத்தை சர்க்கரை அளக்கிற படம் கிடைத்திருக்கிறது.

நீ எப்படியும் மேடையில் ஐந்து நிமிஷம் நிற்கமாட்டாய். சம்பந்தி வந்தாச்சா, காபி போச்சா என்று அலைவாய். நான் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுகிறேன். எனக்கு வேறு வேலை எதுவும் ஒதுக்காதே, போனோடு உன் பின்னாலேயே இருப்பேன். பத்திரிகை அடித்ததும் ஒன்றைத் தபாலில் அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி