வெனிஸா, ரிமினியா?

அன்புள்ள சுமதி,

அம்மா மியூனிக் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்த விசாவுக்கு நீ பட்ட பாட்டுக்கு, ஒரு நாள் பாக்கியில்லாமல் மூன்று மாதமும் அவர்களைப் பிடித்து வைத்துக்கொள். இங்கே இத்தாலியில், பொலோன்யாவில் எல்லோரும் நலம். பெரியவன் கார் லைசென்ஸுக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தூங்குகிறான். இவருக்கு வேலை ஊருக்குள்ளேயே மாறிவிட்டது, சைக்கிளில் போய் வருகிறார். எடை குறைந்துவிட்டதாகத் தினமும் ஒரு அறிவிப்பு. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அண்ணாவுக்கு வெனிஸ் வேண்டும், பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும், அம்மாவுக்கு முழங்கால் வலி, கையில் இருப்பதோ ஒரு வார லீவும் அளவான பணமும். வெனிஸா, ரிமினிக் கடற்கரையா, ஒரே வார்த்தையில் பதில் சொல் என்கிறாய். ரிமினி. ஆனால் நீ அண்ணாவிடம் வாதாட வேண்டியிருக்குமே, அதனால் காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

வெனிஸ் பிடிக்காமல் சொல்லவில்லை. அந்த ஊர் நாளில் எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டு ஊராகிவிடும், அதுதான் விஷயம். கோடையில் காலை பத்து மணிக்கு மேல் ரியால்டோ பாலத்திலிருந்து சான் மார்கோ சதுக்கம் போகும் சந்துகளில் முன்னால் போகிறவரின் முதுகுப்பையைத் தவிர எதுவும் கண்ணில் படாது. மாலையானதும் பகல் கூட்டம் சாந்தா லூச்சியா ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடும். அதற்கப்புறம்தான் ஊர் தன் முகத்தைக் காட்டும். கம்போ என்கிற சிறு சதுக்கங்களில் பிள்ளைகள் பந்து உதைப்பார்கள், கார் சத்தமே இல்லாததால் யாரோ செருப்புப் போட்டு நடப்பதுகூடக் காதில் விழும். விடியற்காலையில் காய்கறியும் சலவைத் துணியும் குப்பையும் படகில் போவதைப் பார்க்கலாம். இதையெல்லாம் பார்க்க வேண்டுமென்றால் அங்கே இரவு தங்க வேண்டும்.

தங்குவதில்தான் சிக்கல். வெனிஸ் தீவுக்குள் ஐந்து பேருக்கு ஆகஸ்டில் அறை தேடிப் பார், புரியும். அண்ணா புத்திசாலித்தனமாக மெஸ்ட்ரேயில் தங்கலாம் என்பார். அது வெனிஸைக் கரையோடு சேர்க்கும் பாலத்துக்கு இந்தப் பக்கம், கரையில் இருக்கிற சாதாரண ஊர். மலிவு, ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், எல்லாம் சரி. ஆனால் நீங்களும் அந்தப் பகல் கூட்டத்தோடு போய், அதே கூட்டத்தோடு திரும்புவீர்கள். எந்த வெனிஸுக்காகப் போனீர்களோ அதைப் பார்க்காமலே வருவீர்கள்.

அப்புறம் படகுக் கணக்கு. வபொரெட்டோ என்பது அங்கே டவுன் பஸ் மாதிரி ஓடும் படகு. 75 நிமிடத்துக்கு ஆளுக்கு 9.50 யூரோ. ஆறு வயதுக்கு மேல் பிள்ளைகளுக்கும் அதே டிக்கெட், ஆக ஒரு முறை ஏறினாலே உங்களுக்கு 47.50. கொண்டோலா என்கிற துடுப்புப் படகுக்குப் பகலில் அரை மணிக்கு 90 யூரோ, அதுவும் நகராட்சி நிர்ணயித்த விலை. பகலில் வந்து போகிறவர்களுக்கு 2024-இலிருந்து சில நாட்களில் நுழைவுக் கட்டணமும் உண்டு: 5 யூரோ, கடைசி நேரத்தில் கட்டினால் 10 என்று 2025-இல் ஆக்கினார்கள். அது ஏப்ரலிலிருந்து ஜூலை வரை குறிப்பிட்ட சில நாட்களுக்குத்தான், ஆகஸ்டில் கிடையாது. அதனால் கூட்டம் குறைந்தது என்று இங்கே யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

அம்மாவை நினைத்துப் பார். நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படி ஏறி இறங்க வேண்டும். ஒன்றாம் நம்பர் வபொரெட்டோவில் கிராண்ட் கனால் என்கிற பெரிய கால்வாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உட்கார்ந்தே போகலாம், அது அம்மாவுக்குப் பிடிக்கும். ஆனால் படகுத் துறையிலிருந்து அறைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது யார்?

ரியால்டோ பக்கத்தில் சான் பர்தொலொமேயோ சதுக்கத்தில் ஒரு மருந்துக் கடை இருக்கிறது. அதன் ஜன்னலில் ஊரின் மக்கள்தொகையை எண்ணாக வைத்திருக்கிறார்கள். 1951-இல் தீவு நகரில் ஏறக்குறைய 1,75,000 பேர். இப்போது 50,000-க்கும் கீழே. வீடுகளெல்லாம் சுற்றுலா அறைகளாகிவிட்டன. நம் ஐந்து டிக்கெட் குறைந்தால் வெனிஸ் பிழைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த எண்ணுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு என்னவோ மாதிரி இருக்கும்.

ரிமினியைப் பற்றி இத்தாலிக்காரர்களே கொஞ்சம் இளக்காரமாகத்தான் பேசுவார்கள். பதினைந்து கிலோமீட்டர் மணல், அதில் கோடு போட்டது போல வரிசை வரிசையாகக் குடைகள், பின்னால் சதுரம் சதுரமாக ஓட்டல்கள். கடலும் போஸ்ட்கார்டு நீலம் கிடையாது, மணல் கலந்த பச்சை. சில கோடைகளில் பாசிப் பிசின் மிதக்கும். 1989-இல் அது பெரிய பிரச்சினையாகவே ஆனது. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டாதே.

ஆனால் உன் சின்னவளுக்கு அதைவிட நல்ல கடல் கிடைக்காது. ஆழமே இல்லை, வெகுதூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல் தண்ணீர் வராது. கரையை ஒட்டி அலைதடுப்புக் கற்கள் போட்டிருக்கிறார்கள். அங்கே முதல் கடற்குளியல் கூடம் 1843-இல் திறந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து ஊர் நொறுங்கிப்போன பிறகு, குடும்பங்களே சின்னச் சின்ன விடுதிகள் ஆரம்பித்து, ஐம்பது அறுபதுகளில் உங்கள் ஊர் ஜெர்மன்காரர்களுக்குச் சாப்பாடும் அறையும் சேர்த்துக் கொடுத்து நிமிர்ந்தார்கள். இன்றைக்கும் அந்த மாதிரி விடுதிகள்தான் உனக்கு லாபம். மூன்று வேளைச் சாப்பாட்டோடு சேர்த்து விலை கேள். பிள்ளைகளுக்குத் தள்ளுபடி உண்டா என்று கேட்க வெட்கப்படாதே, அங்கே எல்லோரும் கேட்பார்கள். கடற்கரையில் பெரும்பகுதி ‘பாஞ்ஞோ’ என்று நம்பர் போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், குடைக்கும் படுக்கைக்கும் பணம். சில விடுதிகளில் அது சேர்ந்தே வரும். நடுநடுவே இலவசக் கடற்கரையும் இருக்கிறது, துண்டை விரித்தால் போதும்.

அம்மாவின் சாப்பாட்டுக்கு ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். பியாதினா என்று எல்லா மூலையிலும் விற்பார்கள், பார்க்க நம் சப்பாத்தியேதான். வழக்கமான மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். ஆலிவ் எண்ணெயில் செய்ததும் கிடைக்கும், கேட்டு வாங்கு.

பழைய ஊர் பார்க்க வேண்டும் என்று அண்ணா அடம்பிடித்தால், கடற்கரையிலிருந்து அரை மணி நடை, அல்லது பஸ். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கட்டத் தொடங்கி, அடுத்து வந்த டைபீரியஸ் காலத்தில் கி.பி. 21-இல் முடித்த கல்பாலம் இன்னும் நிற்கிறது. சில வருஷம் முன்புவரை அதன் மேல் கார் ஓடியது. கி.மு. 27-இல் எழுப்பிய வளைவும் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு அம்மா அந்தப் பாலத்தைச் சமதளமாக நடந்தே கடக்கலாம். டிக்கெட் கிடையாது.

தேதிதான் முக்கியம். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய இரண்டு வாரம் வேண்டவே வேண்டாம், இத்தாலி மொத்தமும் கடலில்தான் கிடக்கும், விலையும் உச்சத்தில். உங்கள் பவேரியா மாநிலத்தில் பள்ளி செப்டம்பர் நடுவில்தானே திறக்கிறது? செப்டம்பர் முதல் வாரம் வா. தண்ணீர் சூடாகவே இருக்கும், விலை இறங்கியிருக்கும்.

வெனிஸுக்கு நாம் இருவர் மட்டும் போவோம், நவம்பரில். மூடுபனி, காலிச் சந்துகள், பாதி விலையில் அறை. வெள்ளம் வருமே என்பாய். 2019 நவம்பர் 12 அன்று 187 சென்டிமீட்டர் வந்தது உண்மைதான். அடுத்த வருஷத்திலிருந்து கடல் வாயில்களில் 78 தடுப்புக் கதவுகளைத் தூக்கி நிறுத்துகிறார்கள், பெரிய வெள்ளம் உள்ளே வருவதில்லை. சான் மார்கோ சதுக்கம் தாழ்வான இடம், அங்கே மட்டும் கணுக்கால் அளவுக்குத் தேங்கலாம். ரப்பர் பூட்ஸ் எடுத்துக்கொள். பிள்ளைகளை இவர் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டாயிற்று. அண்ணாவிடம் நீ இன்றைக்கே பேசு, நவம்பர் இரண்டாவது வாரம் சரிப்படுமா என்று சொன்னால் அறை பார்த்து வைக்கிறேன்.

மியூனிக்கிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாகப் பொலோன்யா வரை நேர் ரயில் இருக்கிறது. ரிமினிக்கு இங்கே மாறினால் ஒரு மணி நேரம்தான். வண்டி நம்பரை அனுப்பு, ஸ்டேஷனுக்கு வந்து அம்மாவையும் பார்த்துவிடுகிறேன். நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டு வந்திருந்தால் ஒரு பாட்டில் எனக்கு.

அன்புடன்,
ராஜி