வெறும் தலைவலிதானே?

ஆசிரியருக்கு,

முக்கூடலில் பீடி சுற்றும் பெண்களிடையே வளர்ந்தவள் நான். மடியில் சுளகு, குனிந்த தலை, நெற்றியில் தைலம். அம்மாவை அப்படித்தான் நினைவிருக்கிறது. ஒற்றைத் தலைவலி வந்தால் வாந்தி எடுத்துவிட்டு இருட்டறையில் சுருண்டு கிடப்பாள். அன்றைய கூலி போய்விடும். ‘வெறும் தலைவலிதானே’ என்று நாங்களே சொன்னோம். இன்றும் அது உறுத்துகிறது.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-இல் உலக மக்களில் சுமார் 40 சதவீதத்தினருக்குத் தலைவலி நோய்கள் இருந்தன. ஒற்றைத் தலைவலி பெண்களையே அதிகம் தாக்குகிறது. கடையில் வாங்கும் வலி மாத்திரையை மாதத்தில் பாதி நாள் எனப் பல மாதங்கள் விழுங்கினால், அதுவே தலைவலியை நாள்பட்டதாக்கிவிடக்கூடும். இதை அம்மாவிடம் எவரும் சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்த அழுத்தம் பார்க்கும்போதே தலைவலியையும் விசாரித்து எழுதிக்கொள்ள வேண்டும்.

– ஒரு வாசகி, முக்கூடல்