ஹைடனுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கத்திய இசையின் செவ்வியல் காலம் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். மொசார்ட்டையும் பீத்தோவனையும் நெடுகப் பேசிய கட்டுரையாளர், இசையமைப்பாளர் ஜோசப் ஹைடனை ‘பீத்தோவனின் ஆசிரியர்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

ஹைடன் 1732இல் ஆஸ்திரியாவின் ரோராவ் கிராமத்தில், வண்டிச் சக்கரம் செய்பவரின் மகனாகப் பிறந்தவர். 1761இல் எஸ்டர்ஹாசி பிரபு குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. வெள்ளைக் காலுறை அணிந்து, தலையில் பவுடர் பூசி, சீருடையில் வர வேண்டும். நாள்தோறும் இரண்டு வேளை முன்கூடத்தில் காத்திருந்து, இன்று இசை உண்டா என்று கேட்க வேண்டும். எழுதிய இசை பிரபுவுக்கே சொந்தம். வெளியே கொடுக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை 1779இல்தான் நீங்கியது.

இந்தக் கட்டுக்குள் இருந்துகொண்டுதான், முழு இசைக்குழு வாசிக்கும் நெடிய இசை வடிவமான சிம்பொனியை அவர் வளர்த்தெடுத்தார். கைக்கெட்டும் தூரத்தில் ஓர் இசைக்குழு இருந்தது. எழுதியதை உடனே வாசிக்கச் செய்து, எது எடுபடுகிறது, எது தொய்கிறது என்று பார்த்துத் திருத்தினார். உலகத்திலிருந்து ஒதுங்கியிருந்ததால் தனித்தன்மை பெறுவதைத் தவிர வேறு வழியில்லாமல் போனது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

1772இல் எழுதிய 45ஆம் சிம்பொனியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஆண்டு பிரபு நிக்கோலஸ், எஸ்டர்ஹாசா என்ற தம் கோடை மாளிகையை விட்டுக் கிளம்புவதாக இல்லை. கலைஞர்களின் குடும்பங்களோ ஐசன்ஸ்டாட் நகரில் இருந்தன. ஹைடன் முறையீடு எதுவும் எழுதவில்லை. சிம்பொனியின் கடைசிப் பகுதியில் ஒவ்வொரு கலைஞரும் தம் பங்கு முடிந்ததும் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போகும்படி அமைத்தார். இறுதியில் இரண்டு வயலின்கள் மட்டும் மெல்ல ஒலித்து அடங்குகின்றன. பிரபுவுக்குப் புரிந்துவிட்டது, மறுநாளே அரசவை கிளம்பியதாம். விளக்கை அணைத்துவிட்டு அந்தக் கடைசி நிமிடங்களைக் கேட்பது என் பல வருடப் பழக்கம். எஜமானனிடம் இவ்வளவு கண்ணியமாக ஒரு கோரிக்கை வைக்க முடியுமா என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

கட்டுரையாளர் கொண்டாடும் மொசார்ட்டுக்கே ஹைடனின் அருமை தெரிந்திருந்தது. இரண்டு வயலின், வியோலா, செல்லோ என நால்வர் வாசிக்கும் ஆறு படைப்புகளை, நெடிய, கடினமான உழைப்பின் பலன் என்று குறிப்பிட்டு, 1785இல் ஹைடனுக்கே காணிக்கையாக்கினார். அந்த வடிவத்தில் நான்கு கருவிகளும் சமமாக உரையாடலாம் என்று காட்டியவர்களில் ஹைடனே முதன்மையானவர். சிறிய மெட்டு ஒன்றை எடுத்து, உடைத்து, திருப்பி, அதிலிருந்தே பெரிய கட்டடம் எழுப்பும் வித்தையிலும் பீத்தோவனுக்கு முன்னோடி அவர்தான்.

எண்ணிட்டு அறியப்படும் சிம்பொனிகளே 104. அவற்றில் கடைசிப் பன்னிரண்டு, 1790களில் லண்டன் பயணங்களுக்காக எழுதியவை. அவற்றைப் பற்றி மட்டுமே ஒரு முழுப்பக்கம் எழுதலாம். அதே கட்டுரையாளரிடம் கேட்டு, ஹைடனுக்கென்று தனியாக ஒரு கட்டுரை வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
நாகர்கோவில்