இனுக்காவுக்கு எதற்குக் குளிரூட்டிய வீடு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இதழின் செல்லப்பிராணிகள் பக்கத்தில், ‘வெப்ப இரத்தப் பிராணிகளின் உடல் எந்தத் தட்பவெப்பத்துக்கும் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும், கவலை வேண்டாம்’ என்று எழுதியிருந்தீர்கள். இந்த நற்செய்தியை எங்கள் வட்டாரத்து நாய்களுக்குச் சொல்லிவிட்டு வரலாமா என்று யோசித்தேன்.

அன்று நண்பகலில் பக்கத்துத் தனியார் குடியிருப்பைச் சேர்ந்தவர் தம் ஹஸ்கி நாயை, பனிப்பிரதேசத்து இனத்தை, வெயிலில் நடத்தி வந்தார். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வந்ததும் அது சிமெண்டுத் தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்துவிட்டது. நாக்கு தொங்க, எச்சில் சொட்டச் சொட்ட இரைத்தது. வந்த வழியெங்கும் ஈரப் பாதச் சுவடு. நாய்க்கு வியர்ப்பது பாதத்தில்தான். மிச்சச் சூட்டையெல்லாம் இரைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். “பழகிவிடும்” என்று சிரித்தார் அவர். தங்கள் வாசகராக இருக்கக்கூடும்.

தாங்கள் அறியாததல்ல. மனித உடம்பு சூடேறினால், மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் உத்தரவிட்டதும் தோலுக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, வியர்க்கிறது. வியர்த்தால் மட்டும் போதாது, வியர்வை ஆவியாக வேண்டும். அப்போதுதான் சூடு இறங்கும். சிங்கப்பூர்க் காற்றிலோ எந்நேரமும் ஈரம். வியர்வை உலராமல் வழிந்து தரையில் விழுந்தால் உடம்புக்குத் தண்ணீர்தான் நஷ்டம், சூடு இருந்த இடத்திலேயே இருக்கும். நாய் இரைப்பதற்கும் இதே கதிதான்.

உடல் எதற்கும் ஈடுகொடுக்குமென்றால், விலங்கியல் தோட்டத்தில் இனுக்காவுக்கு 2013இல் குளிரூட்டிய இருப்பிடம் கட்டியது எதற்கு? 1990இல் இதே மண்ணில் பிறந்த பனிக்கரடி அது. ரோமத்துக்குள் பாசி பிடித்து அது பச்சையாக நின்ற காலத்தையும் பார்த்தவன் நான். பிறந்தது முதல் இங்கேயே இருந்தும் பழகவில்லை, பாவம்.

இந்தப் ‘பழகிவிடும்’ எனக்குப் புதிதல்ல. ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தேன். தொட்டிக்குள் இறங்கினால் சட்டையைப் பிழிந்து பிழிந்து போட்டுக்கொள்ள வேண்டும். மேற்பார்வையாளர் மேலிருந்து எட்டிப் பார்த்து, “உங்கள் ஊரில் இல்லாத வெயிலா?” என்பார். எங்கள் புதுக்கோட்டை வெயில் காய்ந்த வெயில் ஐயா, மர நிழலில் ஒதுங்கினால் வியர்வை உலர்ந்துவிடும். ஒருநாள் உடன் வேலை செய்தவர் பேச்சுக் குழறி ஏணியடியில் சரிந்தார். தூக்கி வந்து தண்ணீர் ஊற்றினோம். காலையில் சாப்பிடவில்லையா என்று அவரிடமே விசாரணை நடந்தது!

ஈரம், வெயில், காற்றோட்டம் அனைத்தையும் கணக்கில் கொள்ளும் வெப்பக் குறியீடு 32 டிகிரியைத் தொட்டால், வெளியில் கடும் வேலை செய்வோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும் என்று மனிதவள அமைச்சு 2023இல் அறிவித்தது. அப்போதும் இது குறித்துத் தங்களுக்கு எழுதினேன். இடப் பற்றாக்குறை போலும், வெளியாகவில்லை.

இப்போது கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வானிலைப் பகுதியில் வெப்பநிலையோடு அந்தக் குறியீட்டையும் நாள்தோறும் அச்சிடுங்கள். ராசிபலனுக்குப் பன்னிரண்டு கட்டம் ஒதுக்கும் இதழில் இதற்கு ஒரு வரி இடம் இருக்காதா? கடிதத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டுமென்றால் நாயையும் கரடியையும் வெட்டிக்கொள்ளுங்கள். கப்பல் பட்டறையில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
ஈசூன்