கல்லூரி சேரும்போதே விடுதியும் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆள் வந்தபடி இருக்கிறார்கள். நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டை என்று சேர்வராயன் மலையின் மூலை முடுக்குகளிலிருந்து அம்மாக்கள் மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். சேலத்தில் ஓர் அரசு மாணவியர் விடுதியில் காப்பாளினியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "டீச்சரம்மா, பாப்பாவ எந்த ஹாஸ்டல்ல விடறதுங்க?"

எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று மாதக்கணக்கில் விசாரிக்கும் குடும்பம், விடுதியை மட்டும் ஃபீஸ் கட்டப் போன அன்றைக்குக் கல்லூரி வாசலில் யாரோ நீட்டிய நோட்டீஸைப் பார்த்து அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறது. சேலம் டவுன்காரர்களுக்கு விடுதி வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்க வழியுண்டு. எங்களுக்கு இல்லை. உள் கிராமத்திலிருந்து ஏற்காடு வந்து, அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, பிறகு டவுன் பஸ் மாறிக் கல்லூரிக்குப் போய்விட்டு, அதே வழியில் இருட்டுக்குள் வீடு திரும்புவது தினமும் நடக்கிற காரியமா? விடுதி சரியாக அமையவில்லை என்றால் மலைப்பிள்ளைக்குப் படிப்பே நின்றுபோகிறது. முதல் வருஷத் தீபாவளிக்கு ஊருக்கு வந்த பிள்ளைகளில் சிலர் திரும்பிப் போகவே இல்லை. காரணம் கேட்டால் பாடம் கஷ்டம் என்பார்கள். உட்கார வைத்துப் பேசினால் தண்ணீர், பாத்ரூம், ரூமில் இருந்த சண்டை என்று ஒவ்வொன்றாக வரும்.

அரசு விடுதி இருக்கிறதே என்று கேட்கலாம். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை விடுதிகள் சேலத்தில் உண்டு. 2025-இல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பைசா கிடையாது. கல்லூரி மாணவர் ஒருவரின் சாப்பாட்டுக்காக அரசு விடுதிக்கு ஒதுக்கும் உணவுப்படியை 2023-இல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தினார்கள். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டராவது தூரம் இருக்க வேண்டும் என்ற விதி பெண்பிள்ளைகளுக்குப் பொருந்தாது. 'அது அந்தச் சாதிக்கு மட்டும்தானே' என்று பலர் எட்டியே பார்ப்பதில்லை. பிற வகுப்பினருக்கும் அங்கே குறிப்பிட்ட இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

சிக்கல் எங்கே என்றால், அரசு விடுதிக்கு விண்ணப்பம் வாங்குவது கல்லூரி திறக்கும் சமயத்தில்தான். யாருக்கு இடம் என்று தெரிவதற்குள் வகுப்புகள் ஆரம்பித்துவிடும். அதுவரை பிள்ளை எங்கே தங்கும்? தனியார் விடுதியில் அட்வான்ஸ் கொடுத்துத்தான் ஆக வேண்டும். போன வருஷம் காபித் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் ஒரு அம்மா, கம்மலை அடகு வைத்து அப்படி ஒரு இடத்தில் பணம் கட்டினார். சில வாரங்களிலேயே மகளுக்கு அரசு விடுதியில் இடம் கிடைத்தது. அட்வான்ஸைக் கேட்டபோது 'பாதியில் போனால் திருப்பித் தர மாட்டோம்' என்று விட்டார்கள். அந்த ரசீதை நான் வாங்கிப் பார்த்தேன். நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள். தொகை இருந்தது. விடுதியின் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை, தேதியும் இல்லை. இதை வைத்துக்கொண்டு அந்த அம்மா எந்த ஆபீஸ் படியேற முடியும்?

தனியார் பெண்கள் விடுதிகளுக்கு மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும் என்று 2014-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சேலத்தில் உரிமம் பெற்ற விடுதிகள் எவை என்று மலையிலிருந்து வருகிற ஒரு கூலிக்காரம்மா எங்கே போய்த் தெரிந்துகொள்வார்? வாசலில் போர்டு இருந்தால் உரிமமும் இருக்கும் என்றுதான் நம்புகிறார்கள். நான் என்னிடம் வருகிறவர்களிடம், உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் அடுத்த விடுதிக்கு நடையைக் கட்டுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். ஜிஎஸ்டி என்று தனியாகப் பணம் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டாம். 2024 ஜூலையிலிருந்து, ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாத வாடகையில் தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் அந்த வரி இல்லை. கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி மாதிரி இடங்களில் 7.5 சதவீத அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளுக்கு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இது தெரியாமல் வெளியே ரூம் பார்த்து அலைந்தவர்களும் உண்டு.

சரி, எப்படிப் பார்ப்பது? காலையில் போகாதீர்கள். பெருக்கித் துடைத்து, பிள்ளைகள் எல்லாம் கல்லூரிக்குப் போன பிறகு எந்த விடுதியும் நன்றாகத்தான் இருக்கும். சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்குப் போங்கள். பாத்ரூம் வரிசையில் எத்தனை பக்கெட் காத்திருக்கிறது என்று பாருங்கள். குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நுரையே வராது. ஊற்றுத் தண்ணீரில் தலை குளித்து வளர்ந்த பிள்ளைக்கு ஒரே மாதத்தில் முடி கொட்டி, அழுகிற அழுகையை நான் எத்தனையோ தடவை பார்த்தவள். மேட்டூர்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, பிடித்து வைக்கத் தொட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அப்புறம், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை வேண்டாம். ஃபேனே இல்லாமல் போர்த்திக்கொண்டு தூங்கிய பிள்ளை ஏப்ரல் மாதச் சேலத்து வெக்கையில், கொதிக்கிற தளத்துக்கு அடியில் படுத்து எப்படிப் பரீட்சைக்குப் படிக்கும்? ஜன்னலில் கொசுவலை இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒரே ஊர்ப் பிள்ளைகளாகச் சேர்த்து ஓர் அறையில் போடச் சொல்லிப் பெற்றோர் கெஞ்சுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெரிந்த முகம் ஒன்று இருந்தால் போதும், மற்றவர்கள் புதியவர்களாக இருக்கட்டும்.

வார்டன் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, இரண்டாம் வருஷப் பிள்ளை ஒருத்தியிடம் மகளையே பேச விடுங்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுப் பிரயோஜனமில்லை, எந்த விடுதியிலும் குறைதான் சொல்வார்கள். நாப்கினை எங்கே போடுகிறீர்கள், ராத்திரி காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள், போன மாதம் யாருக்காவது அப்படி நடந்ததா என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பதிலில் விடுதியின் லட்சணம் தெரிந்துவிடும்.

கல்லூரியின் சொந்த விடுதி என்றால், முதலாண்டு மாணவர்களைத் தனிக் கட்டடத்தில் வைத்திருக்கிறார்களா என்று கேட்க மறக்காதீர்கள். முடிந்தவரை அப்படித்தான் வைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் வருஷ விதிகளே சொல்கின்றன. 1996-இல் நாவரசு என்ற முதலாண்டு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகுதான் நம் மாநிலத்தில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அந்தக் கொலைச் செய்தி வந்த வாரம் எங்கள் விடுதிக்கு விடிய விடியப் பெற்றோர் வந்துகொண்டே இருந்தார்கள். ராகிங் புகாருக்கான 1800-180-5522 என்ற இலவச எண்ணைப் பிள்ளையின் போனில் முதல் நாளே பதிந்து கொடுங்கள்.

இவ்வளவும் பெற்றோர் செய்யக்கூடியவை. மாவட்ட நிர்வாகத்திடம் நான் கேட்பது கொஞ்சம்தான். கலை அறிவியல் கல்லூரிக் கலந்தாய்வு நடக்கும்போதே அரசு விடுதிக்கும் விண்ணப்பம் வாங்கி, கல்லூரி சேர்க்கைக் கடிதம் கைக்கு வரும்போது விடுதி இடமும் தெரியும்படி செய்ய வேண்டும். உரிமம் பெற்ற தனியார் விடுதிகளின் பட்டியலை ஜூன் மாதத்துக்குள் வெளியிட்டு, ஒவ்வொரு கல்லூரி அலுவலக வாசலிலும் ஒட்ட வேண்டும். அட்வான்ஸ் வாங்கினால் முத்திரையும் தேதியும் போட்ட ரசீது தர வேண்டும், அரசு விடுதியில் இடம் கிடைத்துப் போகிற பிள்ளைக்குத் தங்கிய நாளுக்கு மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்று ஆட்சியர் உத்தரவிட வேண்டும்.

பட்டியல் கிடைத்தால் உங்கள் சேலம் பதிப்பிலும் போடுங்கள். அந்தப் பக்கத்தை எங்கள் மலைக் கிராமங்களின் ரேஷன் கடைச் சுவர்களில் ஒட்டுவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விடுதிக் காப்பாளினி,
நாகலூர் சாலை, ஏற்காடு.